பிளாக் நம்பர் இருபத்தொன்று

சிங்கப்பூர் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி, மகள் வீட்டு ஜன்னல், ஏர்போர்ட். போன ஆறாம் நாளே நெய்வேலிக்குத் திரும்பி ஓடிவந்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மெழுகுத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி பறந்தேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு அலைச்சல். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் என் கையெழுத்து செய்த வேலை.

நான் சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷன். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றே இருபத்தேழு வருஷம் போய்விட்டது. மனைவி லூர்து குறிஞ்சிப்பாடிக்காரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கேன்சர் என்றார்கள். முதல் ரிப்போர்ட் வந்தது. மூன்று இடத்தில் நெகட்டிவ், நெகட்டிவ், நெகட்டிவ் என்று போட்டிருந்தது. கொரோனாவுக்கு அப்புறம் நெகட்டிவ் என்றால் எங்களுக்கு நல்ல சேதிதானே? ஷிப்ட்டில் அத்தனை பேருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து ஒரு நர்சம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். மூன்றும் நெகட்டிவ் என்றால் வழக்கமான மாத்திரைக்குப் பிடிகொடுக்காத ஜாதி, வேகமாகப் பரவும் ஜாதி என்றார். அந்த லட்டு இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்று எல்லாம் ஆனது. முடி கொட்டி, முடி முளைத்தது. கொஞ்சம் மூச்சு விட்டோம். இந்த வருஷம் தையல் போட்ட இடத்திலேயே, தோலில், சிவப்புச் சிவப்பாக மறுபடி கிளம்பிவிட்டது. எங்கள் மகள் பிரின்சி சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறாள். அவள்தான் விசாரித்து, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இதற்கு 'லைட் ட்ரீட்மென்ட்' சோதனை முறையில் செய்கிறார்கள், அம்மாவைக் கூட்டிவாருங்கள் என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எங்கள் ஊரில் லைட் என்றால் லைட் டியூட்டி. முதுகு பிடித்தவன், கால் உடைந்தவன் டாக்டர் சீட்டோடு வந்து ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் பார்ப்பான். அந்த மாதிரி, உடம்பை ரொம்பப் போட்டு வாட்டாத வைத்தியம் போலிருக்கிறது என்று லூர்துகிட்டேயும் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சிரித்தாள். "அய்ய, அது வெளிச்சங்க. வெளக்கு வெளிச்சம். பிரின்சி எங்கிட்ட நல்லாத்தான் சொல்லிச்சி."

முதல் நாள் சிங்கப்பூரில் எனக்குத் தலை சுற்றவில்லை, அதுதான் ஆச்சரியம். பிரின்சி வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு நம்பர் எழுதியிருந்தது. எதிர்க் கட்டடத்துக்கு ஒரு நம்பர், அதற்கு அடுத்ததுக்கு ஒரு நம்பர். என்ன என்று கேட்டால் பிளாக் நம்பராம். சரிதான், நம்ம ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன். டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த பிளாக்?" என்பதுதானே. இங்கே பிளாக்கை மேலே மேலே அடுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மரமும் எங்கள் ஊர் அளவுக்கு இருக்கிறது. தூசுதான் இல்லை. காலையில் துடைத்த ஜன்னல் சாயங்காலமும் துடைத்தபடியே இருப்பதை லூர்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

கீழே சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவைப் புரோட்டா என்றேன், கடைக்காரர் வேறு மாதிரி சொன்னார், கடைசியில் ரெண்டு பேரும் விரலைக் காட்டிப் பேசி முடித்தோம். குழம்பில் இனிப்பு. காப்பி கேட்டால் கறுப்பாக, தார் மாதிரி ஒன்று வந்தது. லூர்து ஒரு வாய் குடித்துவிட்டு, "பெல்ட்டுல வர்ற கரியக் கரைச்சி குடுக்கறாங்களா?" என்றாள். பக்கத்து மேசையில் இருந்த தமிழ்ப் பெரியவர் சிரித்துவிட்டார். பால் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரி. அங்கே கமலா என்று ஒரு தமிழ் நர்ஸ். இந்தச் சோதனைக்கு வருகிறவர்களை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்வது அவர் வேலை. டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கமலா தமிழில் சொன்னார். முதலில் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது உடம்பெல்லாம் சுற்றிவிட்டு அந்தக் கெட்ட செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு சும்மா தூங்கும். மறுநாள் அந்த இடத்தில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால் மருந்து விழித்துக்கொண்டு தான் ஒட்டியிருக்கும் செல்லை மட்டும் அழிக்கும். வெளிச்சம் ஆழமாகப் போகாது. லூர்துக்குத் தோலிலேயே இருப்பதால் எட்டும். "ஆனா ஒட்டுறதுக்கு இடம் இருக்கணும். அந்த இடம் இவங்க கட்டியில இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இருந்தா சேர்த்துக்குவோம். இல்லன்னா இந்த மருந்தால பிரயோஜனம் இல்ல. இருந்தாலும் கட்டாயம் குணமாகும்னு நாங்க சொல்லல, ஆன்ட்டி," என்றார்.

லூர்து தலையாட்டினாள். நான் பார்ம் நிரப்பினேன். பிரின்சி ஆபீஸ் போயிருந்தாள், அதனால் எல்லாம் என் கைப்பட. பேர், வயசு, எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், எல்லாம் சுத்தமாக எழுதினேன். 'பிளாக் நம்பர்' என்று ஒரு கட்டம். அட, இதையும் கேட்கிறார்களே என்று சந்தோஷமாக இருபத்தொன்று என்று எழுதி, அடியில் ஒரு கோடு வேறு இழுத்தேன்.

சனி, ஞாயிறு கழிந்து ஐந்தாம் நாள் போன் வந்தது. கமலாதான்.

"அங்கிள், பிளாக் இருபத்தொன்னுன்னு எழுதியிருக்கீங்க. அது எங்க இருக்கு?"

"நெய்வேலியிலம்மா."

"கையோட கொண்டுவரலையா?"

"அத எப்படிம்மா கொண்டுவர்றது? தெருத்தெருவா வூடு இருக்கு, ரெண்டு மாரியம்மன் கோயில் இருக்கு."

அப்புறம் அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கெட்டுப்போகாமல் இருக்க மெழுகுக்குள் வைத்து மூடுவார்களாம். அதற்குப் பேர் பிளாக். அதற்கு ஒரு நம்பர் உண்டு. இப்போது தோலில் வந்ததிலிருந்து எடுத்த துண்டு பொடியாக இருக்கிறது, அது போதாது, பழைய பிளாக் கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்தால்தான் இந்த முறை லூர்தைச் சேர்க்க முடியும். அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியாது. அன்று திங்கட்கிழமை.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆபரேஷன் நடந்தது புதுச்சேரிப் பக்கம். அந்த ஆஸ்பத்திரிக்கு பிரின்சி போன் போட்டாள். நோயாளியின் கடிதத்தோடு வீட்டு ஆள் நேரில் வந்தால்தான் எதுவும் பேச முடியும் என்றார்கள். லூர்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். என் சட்டைப் பையில் அதை வைத்துவிட்டு, "திரும்பத் திரும்ப அலையறீங்க என்னால," என்றாள். எரிச்சலில் நான் ஏதோ கத்திவிட்டேன். அவள்மேல் என்ன கோபம் எனக்கு? பயத்துக்குக் கோபம் என்று பேர் வைத்துக்கொண்டு திரிகிறேன், அவ்வளவுதான். அவளைத் திட்டிவிட்டு வந்தது வழியெல்லாம் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை புதுச்சேரியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆறு நாளில் ஊர் வெயில் இவ்வளவு அந்நியமாகிவிடுமா என்ன? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர் நிதானமான மனுஷன். கடிதத்தைப் படித்தார், பழைய நோட்டை எடுத்தார், பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"சார், இது குடுத்தாச்சே."

"யாருகிட்ட?"

நோட்டை என் பக்கம் திருப்பினார். 'பிளாக் ஒன்று, ஸ்லைடு ஆறு, பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து, சேவியர். அந்தச் 'சே'யில் நான் போடும் கொக்கி வரைக்கும் அப்படியே இருந்தது.

"சேவியர்னா யாருங்க, உங்க அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கையெழுத்துப் போட்ட வாரம்தான் எங்களுக்கு வேறு குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். இதே ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் ஒரு பெண் கவரை நீட்டி, "பிளாக் வாங்கிட்டீங்களா?" என்றாள். "வாங்கியாச்சும்மா, இருபத்தொன்னு, கார்னர் வூடு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. பழைய பில், ஸ்கேன் எல்லாவற்றோடும் சேர்த்து லூர்து கையில் கொடுத்தேன். லேப்காரர் அந்த நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "வீட்ல நல்லா தேடுங்க சார். பல பேரு என்னன்னு தெரியாம தூக்கிப் போட்டுடறாங்க," என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, கண்ணை மூடினால் தூக்கம் ஓடிவிடுகிறது. கடலூர் தாண்டி குள்ளஞ்சாவடி வந்ததும் பின் டயர் போனது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். கண்டக்டர், "பத்து நிமிஷங்க," என்றார். பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று இந்த ரூட்டில் பழகியவர்களுக்குத் தெரியும். நான் போய் அவித்த வேர்க்கடலை விற்கும் ஒரு அம்மாவின் குடை நிழலில் ஒண்டினேன். சிங்கப்பூரில் ரயில் கதவு சரியாக எங்கே திறக்குமோ அங்கே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், ரயில் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. ஆனால் அங்கே யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த அம்மா பார்த்தார்.

"இன்னாங்க, வூட்ல ஒடம்பு செரியில்லையா?"

"ஆமாங்க. சம்சாரத்துக்கு."

"அதான் மொகத்துல தெரியுதே. கடல துன்னுங்க, வெறும் வயித்துல நின்னுகினு இருக்காதீங்க." காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

அங்கே நின்றபடிதான் லூர்துக்குப் போன் போட்டேன். தூக்கிப் போட்டுட்டேங்க என்று சொல்லிவிட்டால்? "லூர்து, ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஆஸ்பத்திரி கவர் ஒண்ணு குடுத்தேனே, உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா, மெழுவு மாதிரி..."

"அது மாதாகிட்ட இருக்கு," என்றாள், உப்பு டப்பா எங்கே என்று கேட்டதுபோல.

"எந்த மாதாகிட்ட?"

"நம்ம வூட்டு மாதாகிட்டதாங்க. பீரோ மேல. செலைக்கு கீழ, பல்பு கிட்ட."

"அது இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம? நர்சம்மாவ கேட்டேன். மெழுவு, நடுவுல பொட்டு மாதிரி நான். குப்பையில போட சொல்றீங்களா? என்னோடதுதானே. அவங்க பாத்துக்கட்டும்னு காலடியில வச்சேன். நீங்க தேடி வந்தது இதா? பிளாக்குன்னு சொன்னீங்க, நான் இன்னாமோ ஏதோன்னு நெனச்சிகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடலைக்கார அம்மா எதிரில் அழுதே விட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் கிளம்பினதும் அடுத்த பயம் பிடித்தது. மெழுகு. மே மாசத்து வெயில். மாதாவுக்கு முன்னால் பல்பு. எங்கள் வீட்டில் அந்தப் பல்பை அணைக்கிற வழக்கமே இல்லை. கரண்டுக்குக் குறைவில்லாத ஊர், யார் கணக்குப் பார்க்கிறார்கள்? போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி வேறு. கமலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உருகியிருந்தால் சோதனைக்கு உதவாமல் போகலாம் அங்கிள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏற்றினார்கள். எனக்கு அந்த டிரைவரைத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் போய்ச் செருப்பைக்கூட கழற்றவில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். மாதா சிலைக்குக் கீழே, ஒரு சின்னத் தட்டில், துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தாள். நகம் அளவுக்கு மெழுகு, நடுவில் வெளுத்த ஒரு துணுக்கு. பக்கத்தில் எழுதியிருந்த நம்பரும் லேப்காரர் கொடுத்த நம்பரும் ஒன்றுதான். ஓரம் மழுங்கவில்லை, வழியவில்லை. பழைய குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஜீரோ வாட் பல்பு, அதன் சூட்டில் மெழுகுவர்த்தி தானாகத் தலை குனியும். இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் எல்இடி மாட்டினேன். தொட்டுப் பார்த்தேன், பல்பு வெதுவெதுப்புகூட இல்லை. மெழுகுவர்த்தித் தட்டை அவள் முழ நீளத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள். நான் ஆயுசில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பல்பு மாற்றினதுதான் என்று தோன்றியது. ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்ட்டுக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸில் துணி சுற்றி வைத்தேன். மறுநாள் சென்னை ஏர்போர்ட்டில் அந்த டப்பா மெஷினுக்குள் போனதும் நிறுத்திவிட்டார்கள். ஆபீசர் வடக்கத்தியர். திறந்து காட்டு, இது என்ன என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி வராது. கடிதம் எந்தப் பையில் என்று துழாவுகிறேன். மறுபடியும் கேட்டார். "மை வைஃப்," என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தார். படித்துவிட்டு அவரே டப்பாவை மூடி, ரெண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

வியாழக்கிழமையே கமலாவின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். "பிளாக் இருபத்தொன்னுலேருந்து வருதும்மா," என்றேன். பாவம், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஐந்து நாள் ஒரு செய்தியும் இல்லை. லூர்து அந்த ஊர் காப்பிக்குப் பழகிவிட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்கினேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்ப திட்டினீங்க?" என்றாள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஒட்டுகிற இடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மருந்து ஏற்றினார்கள். மறுநாள் உள்ளே கூட்டிப்போனார்கள். எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள், அவளுக்கும் போட்டார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்தான், முடிந்துவிட்டது என்றார்கள். லைட் டியூட்டி இல்லை அது. அன்றைக்கு அவள் பட்ட வலியை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்புறம் கொஞ்ச வாரத்துக்கு வெளிச்சமே ஆகாது. மருந்து மிச்சம் உடம்பில் இருக்கும், வெயில் பட்டால் நல்ல தோலும் வெந்துவிடும். பிரின்சி ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினாள். போன் திரையைக்கூட மங்கலாக வைத்தோம். பலன் உண்டா இல்லையா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதுவரைக்கும் அவள் அங்கே இருக்க வேண்டும். என் லீவ் முடிந்துவிட்டது.

கிளம்புகிற அன்று பிளாக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேவையானதைச் சீவி எடுத்தது போக மிச்சம். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். போர்வை கட்டிய அறையில் லூர்து சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் தெரியவில்லை.

"இத எங்க வைக்கறது லூர்து?"

"எடுத்த எடத்துலயே வைங்க. நான் வந்து எடுத்துக்கறேன்."

காலையில் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஜெனரல் ஷிப்ட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேர் கை காட்டினார்கள். வீட்டில் பல்பு எரிந்தபடியே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, துணியை உதறி விரித்து, அதன்மேல் வைத்தேன். இறங்குவதற்குள் போன் அடித்தது.

"வச்சிட்டீங்களா?"

"இப்பதான்."

அந்த இருட்டு அறையில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"அங்க நான் எப்பிடி இருக்கேன்?" என்றாள்.

"வெளிச்சத்துலதான் இருக்க," என்றேன்.